முசுடுக்கு ஆளைத் தெரியும்

எங்க வீட்டு முசுடு எங்கப்பாவை மட்டும்தான் கடிக்கும்.

முசுடுங்கறது என் ஹாம்ஸ்டர். உள்ளங்கைக்குள்ள அடங்கிடற குண்டு எலி. எனக்குப் பத்து வயசுல, அடம்பிடிச்சு, ஒரு வேளை பட்டினி கிடந்து வாங்கினது. அப்பா முதல்ல வேண்டவே வேண்டாம்னார்.

"பேக்கரி மாஸ்டர் வீட்டுல எலியா? வெளியில தெரிஞ்சா எவன் பாப்பா என் ரொட்டியை வாங்குவான்?"

"இது அந்த எலி இல்லப்பா."

கடைக்காரர் "பரம சாது"ன்னு சொல்லித்தான் கொடுத்தார். வந்த அன்னைக்கே வீட்டுல இருந்த மூணு பேரையும் வரிசையாக் கடிச்சு வெச்சுது. பேரை யோசிக்கற வேலை மிச்சம்.

அம்மா கறாராச் சொல்லிட்டாங்க. "எனக்கு ஆஸ்பத்திரியில நோயாளிங்களைப் பாக்கவே நேரம் பத்தல. இதுக்குத் தீனி போடறது உன் வேலை. ஒரு நாள் மறந்தேன்னு தெரிஞ்சுது, மறுநாள் இது கடையில இருக்கும்."

அம்மா சொன்னாச் சொன்னதுதான். அதுக்கு முன்னாடி வளத்த ரெண்டு கிளிக்குஞ்சு இப்படித்தான் பக்கத்து வீட்டுக்குப் போச்சு. அன்னைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். முசுடையும் விட்டுடக் கூடாதுன்னு இருந்தேன்.

முதல் வாரம் கூண்டுக்குப் பக்கத்துல உக்காந்து பாடத்தைச் சத்தமா வாசிச்சேன், என் குரல் பழகட்டும்னு. பூகோளம் வாசிச்சா மட்டும் திரும்பிப் படுத்துக்கும். அடுத்த வாரம் என் கைக்குட்டையை உள்ள போட்டேன், வாசனை பழகட்டும்னு. அதை நாராக் கிழிச்சு மெத்தை பண்ணிக்கிச்சு. அப்புறம் உள்ளங்கையில சூரியகாந்தி விதையை வெச்சுக்கிட்டு மணிக்கணக்கா அசையாம உக்காந்தேன். ஒரு நாள் சாயங்காலம், போனாப் போகுதுன்னு, கையில ஏறி உக்காந்துச்சு. அந்தச் சின்னக் காலு நாலும் குறுகுறுன்னு பட்டது இன்னும் என் கையில இருக்கு. முப்பது வருஷம் ஆச்சு.

அம்மா கைக்கும் கொஞ்ச நாள்ல வந்துடுச்சு. அப்பாதான் பாக்கி.

விடியறதுக்குள்ள பேக்கரிக்குப் போயிட்டு, மத்தியானம் ஒரு மணி நேரம் படுத்து எந்திரிக்க வீட்டுக்கு வருவார். அப்ப நான் ஸ்கூல்ல, அம்மா ஆஸ்பத்திரியில. சாயங்காலம் பாத்தா விரல்ல புதுசா ஒரு கடி இருக்கும்.

"ஏங்க, இன்னைக்குமா?"

"ஆசையா இருந்துது. தடவிக் கொடுத்தேன்."

"அதுதான் கடிக்குதே. தூங்க வந்தா தூங்க வேண்டியதுதானே?"

"தூக்கம் வரல."

நான் அப்ப பெரிய மனுஷி மாதிரி பேசுவேன். ஒரு நாள் அப்பா முகத்துக்கு நேராவே சொல்லிட்டேன். "முசுடுக்கு ஆளைத் தெரியும்ப்பா. பிரியமா இருக்கறவங்களைக் கடிக்காது. வாங்கும்போதே வேண்டாம்னு சொன்ன ஆள்தானே நீ."

அம்மா கூட, "என்ன பேச்சுடி இது"ன்னாங்க. அப்பா விரலைக் குழாய்த் தண்ணியில காட்டிக்கிட்டே, "அவ சொல்றது சரிதான்"னு சிரிச்சார். இப்ப நினைச்சாலும் எனக்கு வெக்கமா இருக்கு.

ஒரு சமயம் முசுடுக்குப் பல்லு நீளமா வளந்துடுச்சு. அம்மாவுக்கு லீவு கிடைக்கல. அப்பாதான் அரைநாள் லீவு போட்டு, பஸ்ல கூண்டை மடியிலயே வெச்சுக்கிட்டு, என்னையும் கூட்டிக்கிட்டு கால்நடை டாக்டர்கிட்ட போனார்.

டாக்டரம்மா பல்லை வெட்டிவிட்டு, "கடிக்குமா?"ன்னு கேட்டாங்க.

"அப்பாவை மட்டும். அவருக்கு இதுமேல பிரியம் இல்ல டாக்டர்."

டாக்டர் அப்பாவோட கையைப் பிடிச்சுத் திருப்பிப் பாத்தாங்க. மோந்தும் பாத்தாங்க.

"என்ன வேலை சார் பாக்கறீங்க?"

"பேக்கரி மாஸ்டருங்க."

"அதான். வெண்ணெயும் வெனிலாவும் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. இதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது பாப்பா, எல்லாம் மூக்குதான். உங்கப்பா விரலை பிஸ்கெட்டுன்னு நினைச்சுக் கடிக்குது. பிரியத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

எனக்குச் சப்புன்னு ஆயிடுச்சு.

டாக்டர் முசுடைத் தராசுல வெச்சாங்க. "எடை கொஞ்சம் கூடவே இருக்கே. தீனி யார் போடறது?"

"நான்தான்."

"தினமுமா?"

அம்மா இல்லங்கற தைரியத்துல, மேஜைமேல குனிஞ்சு ரகசியமாச் சொன்னேன். "அப்பப்ப மறந்துடுவேன் டாக்டர். பரீட்சை சமயத்துல ஒரு வாரம் சுத்தமா மறந்துட்டேன். ஆனா இது கொஞ்சமாத்தான் சாப்பிடும் போல. எப்ப வந்து பாத்தாலும் கிண்ணம் நிறைஞ்சேதான் இருக்கு. எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

டாக்டர் என்னைப் பாத்தாங்க. அப்புறம் அப்பாவோட விரலைப் பாத்தாங்க. அப்பா என்னமோ சுவத்துல இருந்த நாய்ப் படத்தை ரொம்ப மும்முரமாப் பாத்துக்கிட்டிருந்தார்.

"சொல்ல மாட்டேன் பாப்பா"ன்னு சிரிச்சுட்டு, டாக்டர் அப்பா பக்கம் திரும்பினாங்க.

"நாளையிலேர்ந்து தீனியைக் கையால போடாதீங்க சார். ஒரு ஸ்பூன் வெச்சுக்கங்க."