வெறும் தண்ணீர்க் குழாய்

குளத்துச் சேற்றில் புது வைரஸ் தேடும் அந்த ஆய்வகத்தில், ஒவ்வொரு சோதனையிலும் ஒரு குழாயில் வெறும் தண்ணீரை வைப்பார்கள். அதில் எதுவும் வரக்கூடாது. வந்தால், யாரோ சுத்தமில்லாமல் வேலை பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்த முறை சேற்றில் ஒன்றுமில்லை. தண்ணீரில் ஒரு ராட்சத வைரஸின் மரபணுத் தொகுதி முழுசாக வந்திருந்தது.

"உங்க வேலையோட லட்சணம் இதுதான்," என்றாள் மூத்த ஆய்வாளர், எதிர்மேசைக்காரரிடம். இருவரும் முகம் கொடுத்துப் பேசி வருஷங்களாகிவிட்டன. சண்டைக்கு மட்டும்தான் வாய் திறப்பார்கள்.

"நான் அந்தக் குழாயத் தொடவே இல்ல. தண்ணி ஊத்தினது நீங்க."

ராட்சத வைரஸ்கள் தாம் புகுந்த உயிரிடமிருந்து மரபணுக்களைத் திருடி வைத்துக்கொள்ளும். இதற்குள்ளும் ஒரு திருட்டுத் துண்டு இருந்தது. மனிதத் துண்டு. இப்படிப்பட்ட நேரத்தில் ஆளைப் பிடிக்கத்தான் ஊழியர்களின் டிஎன்ஏ விவரம் கணினியில் இருக்கிறது.

"உங்க வண்டவாளம் இப்பத் தெரிஞ்சிடும்," என்றபடி அவள் அந்தத் துண்டை ஒப்பிட்டுப் பார்த்தாள்.

பாதி அவருடையது. அவள் சிரிக்க வாய் திறந்தாள். மீதிப் பாதி அவளுடையது. பெற்ற பிள்ளையிடம் அப்பாவும் அம்மாவும் கலந்திருப்பதுபோல், பிசிறில்லாமல் பின்னியிருந்தது.

"கொட்டித் தொலைங்க," என்றார் அவர். "யாருக்கும் தெரிய வேணாம்."

குளிர்பெட்டியிலிருந்து குழாயை எடுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. மூடிக்குக் கீழே, கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல் உட்புறம் ஆவி படிந்து, மெல்ல விலகி, மறுபடியும் படிந்தது.