ரெண்டாவது கப்

"ரெண்டாவது கப்பா? நில்லுங்கக்கா!"

சமையல்கார அம்மாவின் கை அரிசி டப்பாவுக்குள்ளேயே நின்றது. வீட்டுக்காரி ஓடிவந்து கப்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நாங்க இருக்கிறதே ரெண்டு பேர். ஒரு கப் போதும். தினமும் மிச்சமாகி எவ்வளவு வீணாகுது!"

"வீணாகலையேம்மா. நாந்தான் எடுத்துட்டுப் போறேனே, எங்க வீட்டு நாய்ங்களுக்கு."

"அது சரி! உங்க நாய் ரெண்டும் சுடுசோறும் பொரியலும்தான் சாப்பிடுமோ? நெய் ஊத்தலைன்னா கோவிச்சுக்குமா?"

"அரை கப்பாவது கூடப் போடுறேன்மா. ரெண்டும் பசி தாங்காதுங்க."

"முடியவே முடியாது. இந்த மாசம் மளிகைச் செலவு பாதியாகணும்."

அன்று சமையல் அளவெடுத்துத் தைத்ததுபோல் அமைந்தது. சட்டியில் ஒரு பருக்கைகூட மிஞ்சவில்லை. சமையல்கார அம்மா பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தன் காலி டப்பாவைப் பைக்குள் திணித்தாள்.

"மூஞ்சியை ஏன் தொங்கப் போட்டுக்கறீங்க? நான் மறப்பேனா?" என்று சிரித்தபடி வீட்டுக்காரி ஒரு பெரிய பாக்கெட்டை நீட்டினாள். "மளிகையோட வாங்கினேன். இனிமே நீங்க சோறு சுமக்கவே வேண்டாம்."

சமையல்கார அம்மா இரு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுப் படியேறும்போதே இரண்டு ஜோடிக் கால்கள் தடதடவென ஓடிவந்தன. சின்னவள் பாக்கெட்டைப் பறித்துப் பல்லால் கிழித்தாள்.

"ஐ, பிஸ்கட்!"

பெரியவள் பாக்கெட்டின் மேல் இருந்த படத்தையே பார்த்தாள்.

"ஏம்மா, நம்ம வீட்டுல ஏது நாய்?"