சபையில் சொன்ன பொய்

ஊராட்சித் தலைவி சோலையம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குரிய நாற்காலியில் துணைத்தலைவர் வீரணன் சாய்ந்துகொண்டு, செல்போனில் சட்டமன்ற நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்க்கட்சி உறுப்பினர் நாகஜோதி எழுந்தார். "டி. கல்லுப்பட்டிப் பக்கத்தில் பட்டியலின ஊராட்சித் தலைவி ஒருவரைத் தரையில் உட்கார வைக்கிறார்களாமே, உண்மையா?"

தொகுதி எம்.எல்.ஏ. பாண்டியராஜன் துள்ளி எழுந்தார். "அப்பட்டமான பொய்! எங்கள் தலைவி நாற்காலியில்தான் அமர்கிறார். பத்திரிகைக்காரர்கள் எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கட்டும்!"

ஆளுங்கட்சியினர் மேசையைத் தட்டினார்கள்.

வீரணன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "நம்மாளு எம்புட்டு அழகா சமாளிச்சுப்புட்டாரு!"

சற்று நேரத்தில் அந்த நம்மாளே போனில் கத்தினார். "யோவ் வீரணா, மொதல்ல எந்திரிய்யா! சபையில பொய் சொன்னேன்னு உரிமை மீறல் கொண்டாந்துருவாய்ங்க. இனிமே அந்தம்மாதான் நாற்காலியில இருக்கணும். எம் பதவி இருக்குற வரைக்கும்!"

வீரணன் முகம் கறுக்க எழுந்தார். சோலையம்மாள் சேலையை உதறிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த நாகஜோதிக்கு எவன் போட்டுக்குடுத்தான்னு தெரியட்டும், இருக்கு அவனுக்கு!" என்று உறுமிக்கொண்டே வீரணன் வெளியேறினார்.

அவர் தலை மறைந்ததும் சோலையம்மாள் போனை எடுத்தார்.

"நாகஜோதி மேடம், நாற்காலி கெடைச்சிருச்சு. அடுத்தாப்புல எங்க தெருவுக்குக் குடிதண்ணி வருதான்னு கேட்டுவிடுங்க. எம்.எல்.ஏ. வருதுன்னுதான் சொல்லுவாரு. அப்புறம் வந்துரும்."