மயிலுக்கு ஐம்பதாயிரம் லைக்

ஏரித் தலைவர் தேர்தலில் மயிலும் நண்டும் நின்றன. மயில் ஆடிய வீடியோவுக்கு ஐம்பதாயிரம் லைக். தண்ணீர் வரும் வாய்க்கால் மண்மூடிக் கிடப்பதைப் பற்றி நண்டு பேசிய வீடியோவுக்குப் பன்னிரண்டுதான்.

“பேசாம வாபஸ் வாங்கிடறேன்,” என்று நண்டு தவளையிடம் சொன்னது.

“நானும் மயிலுக்குத்தான் லைக் போட்டேன். என்னமா ஆடுது,” என்றது தவளை.

நண்டு கண்களை உள்ளே இழுத்துக்கொண்டது.

“ஆனா தண்ணி வரலைன்னா என் முட்டையெல்லாம் காஞ்சிடும். ஓட்டு உனக்குத்தான்,” என்று தவளை தொடர்ந்தது.

அன்றே நண்டு வளை வளையாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டது. ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. மயிலுக்கு லைக் போட்டவர்களில் பாதிப்பேர் வேறு ஏரிக்காரர்கள்.

முதலில் வாழ்த்த வந்தது மயில்தான். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டது: “வாய்க்கால் எந்தப் பக்கம்? என் கால் நல்லாவே மண் கிளறும்.”