கூண்டுக்கு ஒரு பூட்டு

“என்னங்க, மறுபடியும் ஒண்ணைக் காணோம்!”

கொல்லையிலிருந்து மனைவி போட்ட சத்தத்தில் மெக்கானிக் அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்த வேகத்துக்கு இருமல் வந்தது. சுவரைப் பிடித்தபடி அது ஓயும்வரை நின்றார். முப்பது வருஷம் லாரிக்கு அடியில் படுத்து எழுந்த மனுஷனுக்கு, இப்போது கட்டிலிலிருந்து கோழிக் கூண்டுவரை போவதற்குள் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது.

கூண்டின் பக்கவாட்டில் வலை ஒரு சாண் நீளத்துக்குப் பிய்ந்திருந்தது. உள்ளே நான்கு கோழிகள், நமக்கென்ன வந்தது என்று தீவனத் தட்டைச் சுற்றி நின்றன. நாலு மாதத்துக்கு முன்பு பதினொன்று இருந்த இடம்.

“கருப்பி இருக்குல்ல?”

“அது இருக்கு. செவலைதான் போயிடுச்சு. பாழாப்போன கீரி, எங்கேருந்துதான் வருதோ!”

“உன் கையில என்ன கட்டு?”

“வெங்காயம் நறுக்கும்போது கத்தி பட்டுடுச்சு.”

“பாத்து நறுக்கக் கூடாதா?” என்று முனகிவிட்டு, கூண்டுத் தரையில் பரப்பியிருந்த பழைய மரத்தூளைக் கரண்டியால் அள்ளக் குனிந்தார். தூசி கிளம்பியதும் நெஞ்சு இழுக்க ஆரம்பித்தது. மனைவி கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“தள்ளுங்க. நான் அள்ளறேன்.”

மதில் சுவருக்கு மேல் டெய்லரின் தலை தெரிந்தது. பக்கத்து வீடு. ஊர்க் கவலையெல்லாம் அவனுக்குத்தான்.

“என்னண்ணே, மாப்பிள்ளை மறுபடியும் விருந்துக்கு வந்துட்டுப் போயிட்டாரா?”

“ஆமாப்பா.”

“ஒரு இறகு சிந்தலை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. இப்படிச் சுத்தமா சாப்பிடற கீரியை நான் பாத்ததே இல்லை.” குரலைத் தணித்துக்கொண்டான். “கோச்சுக்காதீங்கண்ணே. இந்தத் தூசி உங்க நுரையீரலுக்கு எமன்னு டாக்டர் அன்னிக்கே சொன்னாரு. மிச்சம் இருக்கறதையாவது யாருக்காவது குடுத்துட்டு நிம்மதியா இருங்களேன்.”

“அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதே. இதுங்களும் இல்லேன்னா, காலைல எழுந்து நான் எதுக்குக் கதவைத் திறக்கறது? என் கையால ஒண்ணைக்கூடத் தூக்கி வெளியில குடுக்க மாட்டேன்.”

மனைவி நிமிரவில்லை. கோழிகளைக் கொடுத்துவிடச் சொல்லி டாக்டர் வீட்டு வாசலிலிருந்து அழுதுகொண்டே வந்தவள்தான் அவள். இரண்டு நாள் சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தாள். மனுஷன் மசியவே இல்லை. பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள்.

“அப்ப வலையையாவது மாத்துங்க,” என்றான் டெய்லர். “கெட்டிக் கம்பியா போட்டு, கதவுக்கு ஒரு பூட்டும் போட்டுடலாம்.”

“கீரிக்கு எதுக்குப்பா பூட்டு?”

“யாரு கண்டா? ரெண்டு கால் கீரியா இருந்தா?”

“நம்ம வீட்டுக் கோழியை யாரு வந்து திருடப் போறா?” என்று மனைவி சட்டென்று சொன்னாள். மெக்கானிக் கொஞ்ச நேரம் பிய்ந்த வலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி. பூட்டே போட்டுடலாம்.”

அவள் கை கழுவிவிட்டு, மூடி போட்ட கூடையை இடுப்பில் அணைத்துக்கொண்டு கிளம்பினாள். “தங்கச்சி வீடு வரைக்கும் போயிட்டு வந்துடறேங்க. பழந்துணி கேட்டிருந்தா.”

“போயிட்டு வா. வெயிலுக்கு முன்னாடி போ.”

வலையும் பூட்டும் வாங்கி வருவதற்கே அவருக்கு மதியமாகிவிட்டது. டெய்லர் பிடித்துக்கொள்ள, அவர் கட்டினார். நாலு முடிச்சுக்கு ஒரு முறை ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். வெட்டிய கம்பி முனைகளை ஒவ்வொன்றாகக் கட்டிங் பிளேயரால் மடக்கி நசுக்கி, விரலால் தடவிப் பார்த்தார்.

“என்னண்ணே பண்றீங்க? முனையை வெளிப்பக்கமா நீட்டி விடுங்க. கை வெச்சா குத்தணும். அப்பத்தான் கீரி இந்தப் பக்கமே வராது.”

“வேணாம்ப்பா. எதையும் குத்த வேணாம்.”

“கீரிக்குப் பாவம் பாக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்!” டெய்லர் தலையில் அடித்துக்கொண்டான்.

அவள் சாயங்காலம்தான் திரும்பினாள். காலிக் கூடையை ஓரமாகக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தவள், கூண்டில் தொங்கிய பூட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“இனிமே புலி வந்தாலும் நடக்காதுக்கா!” என்றான் டெய்லர்.

“நல்லதாப் போச்சு,” என்றாள் அவள். சொன்ன குரலில் உயிரே இல்லை.

வெளிச்சம் மங்கியதும் கோழிகள் தாமாகவே கூண்டுக்குள் ஏறின. மெக்கானிக் நாலையும் எண்ணினார். கருப்பியின் முதுகை ஒரு முறை தடவினார். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு மெல்ல உள்ளே வந்து, நாற்காலியில் சரிந்தார். மனைவி வெந்நீர் கொண்டு வந்தாள். ஒரு வாய் குடிப்பதற்குள் மூன்று முறை இருமினார். முதுகை நீவிவிட்டவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். அவருக்கும் அலுப்பாகத்தான் இருந்தது. இருமி அலுத்துவிட்டது, வீம்பு பிடித்தும் அலுத்துவிட்டது.

பூட்டோடு வந்த இரண்டு சாவிகளில் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இன்னொன்றை, கட்டுப் போட்ட அவள் கையை இழுத்து உள்ளங்கையில் வைத்து மூடினார்.

“இனிமே வலையைப் பிச்சுக் கையைக் கிழிச்சுக்காதே, கதவைத் திறந்தே எடு,” என்றார். “கருப்பியை மட்டும் கடைசியா கொண்டு போ. தீவனத்தை ஊற வெச்சுக் குடுத்தாத்தான் அது தின்னும்னு உன் தங்கச்சிகிட்ட சொல்லிடு.”