பக்கத்துக் கதவைத் தட்டாத பெட்டி

“உம்மா மாசக் கணக்கா படுக்கையில ஈக்கிறாங்க. ஒருக்கா வந்து பாக்க ஏலாதா மகன்?”

வெள்ளவத்தை ஃபிளாட்டில், படுத்திருந்த பாலேஸ்வரியின் கையிலிருந்த போனைப் பறித்தே கேட்டுவிட்டாள் பக்கத்து வீட்டு அஸீஸா. கஞ்சி கொடுக்க வந்தவள்தான். வாய் சும்மா இருக்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து வீடியோவில் வந்த மகன் சயந்தன் தலையைக் குனிந்தான். “ஆய்வுகூடத்தில வேலை, அன்ரி. விட்டிட்டு வரேலாது.”

“அப்பிடி என்ன பெரிய வேலை?”

“பெட்டி மடிக்கிறன்.”

அஸீஸாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “கலியாணக் கேக் பெட்டியா?”

“டீஎன்ஏ இழையை மடிச்சுச் செய்யிற பெட்டி, அன்ரி. கண்ணுக்குத் தெரியாது. உள்ளுக்குப் புற்றுநோய் மருந்து. பொறுங்கோ, நேற்று எடுத்த படத்தை வேகமா ஓட்டிக் காட்டுறன்.”

இருட்டுக்குள், பச்சை, நீல உருண்டைகளுக்கு நடுவே சிவப்புப் புள்ளிகள் மிதந்தன.

“சிவப்புத்தான் பெட்டி. பச்சை நல்ல கலம், அதுதான் செல். நீலம் புற்றுநோய்க் கலம். பெட்டிக்குப் பூட்டு இருக்கு. திறப்பு நீலத்திட்ட மட்டும்தான்.”

புள்ளிகள் பச்சைகளைச் சட்டை செய்யாமல் தாண்டின. ஒரு நீலத்தில் போய் ஒட்டின. அது சுருங்கி மடிந்தது. பச்சைகள் அப்படியே இருந்தன.

அஸீஸாவின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. “சுப்ஹானல்லாஹ்! பார்சல் கொண்டு வாறவனுக்கே எங்கட கதவு எது, உங்கட கதவு எதுண்டு தெரியிறதில்ல அக்கா. இது பக்கத்துக் கதவைத் தட்டவே இல்லையே!”

அவளுக்குப் புல்லரித்துப் போயிற்று. இன்னொரு தரம் போடச் சொல்லிப் பார்த்தாள்.

“உம்மாக்கு எப்ப குடுப்பீங்க?”

“மனிசருக்குக் குடுக்க இன்னும் கன வருசம் செல்லும், அன்ரி.” சயந்தனின் குரல் இறங்கிவிட்டது.

அஸீஸாவுக்குப் போன கோபம் திரும்பி வந்தது. “அப்ப ஆரோ ஒருத்தர்ட நோயப் பாத்துக்கிட்டு, பெத்த உம்மாவ இங்க விட்டுட்டு…”

“ஆரோ இல்லை, அஸீஸா.” பாலேஸ்வரி கையை நீட்டிப் போனை வாங்கினாள். திரையிலிருந்த நீலத்தை விரலால் தடவினாள்.

“இது என்ரை கட்டி. போன வருசம் அங்க போய் ஒப்பரேஷன் செய்யேக்க எடுத்தது. வாற ஆக்களுக்காவது உதவட்டும் எண்டு குடுத்தனான். அதில இருந்து வளர்க்கிற கலங்கள்தான் இந்த நீலம். நேரத்துக்குச் சாப்பாடு வச்சுப் பராமரிக்காட்டி இதுகள் செத்துப்போயிடுமாம்.”

அஸீஸா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து திரையை மறுபடி பார்த்தாள்.

“நான்தான் அவனை வரவேண்டாம் எண்டனான். இங்க இருக்கிற என்னைப் பார்க்க நீங்க இருக்கிறியள். அங்க இருக்கிற என்னைப் பார்க்க அவனை விட்டா ஆர்?”