கட்டைக் குரல்

குழந்தைசாமி அந்த டேப் ரெக்கார்டரைத் துண்டால் போர்த்தி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ரத்தினவேல் கடைக்குள் நுழைந்தார்.

ரத்தினவேல் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தான். திருமயம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் பார்ப்பது அவன் பிழைப்பு. பழைய பெரிய டேப் செட்டுகளைச் சேர்ப்பது அவன் பைத்தியம். குழந்தைசாமி எண்பத்தாறில் குவைத்திலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த செட் இது. இரண்டு கேசட், இரண்டு பெரிய ஸ்பீக்கர், பாட்டுக்கு ஏறி இறங்கும் சிவப்பு விளக்குகள். ஆறு வருஷமாகக் கெஞ்சுகிறான். "வயலக் கேளு, எழுதித் தாரேன். செட்டக் கேக்காத" என்று விரட்டிவிடுவார்.

இன்று அவரே வந்திருக்கிறார்.

"தொறந்து பாரு தம்பி. என் கண்ணு முன்னால தொறக்கணும்."

எல்லாம் வாட்ஸ்அப் செய்த வேலை. பத்து நாளாக மாவட்டம் முழுக்க ஒரு கட்டைக் குரல் சுற்றிக்கொண்டிருந்தது. "உறவுகளே! பழைய டேப் செட்டுக்குள்ள சிவப்புப் பாதரசம் இருக்கு. ஒரு சொட்டு ஒரு கோடி!" அவ்வளவுதான், பரணில் தூங்கியதெல்லாம் இறங்கிக் கடைக்கு வந்துவிட்டது.

எல்லோரிடமும் சொன்னதையே இவரிடமும் சொன்னான் ரத்தினவேல். "அப்படியெல்லாம் ஒண்ணும் இருக்காதுண்ணே. எவனோ கதை விடுறான்."

அவனுக்குக் கீச்சுக் குரல். போனை எடுத்தால், "வீட்ல ஆம்பளைங்க இல்லையாம்மா?" என்று கேட்பார்கள். அந்தக் குரலில் உண்மையைச் சொன்னால் யார் நம்புவது?

"நீ உருவிக்கிட்டு இல்லைம்பே. தொற!"

திருப்புளியை எடுத்துத் திறந்தான். உள்ளே வயர், பெல்ட், காய்ந்துபோன ஒரு பல்லி. பாதரசம் மட்டும் இல்லை.

மூடிவிட்டு, பாடுகிறதா என்று பட்டனை அமுக்கினான். உள்ளே கிடந்த கேசட் இழுத்து இழுத்துப் பாடியது.

"என்னப்பா, பொம்பளை ஆம்பளையாட்டம் பாடுது?"

"பேட்டரிக்கட்டை வீக்குண்ணே. டேப்பு மெதுவாச் சுத்துது. அப்படிச் சுத்துனா எந்தக் குரலும் கட்டையாயிரும்."

"நேத்துப் பூரா கட்டைய வெயில்ல காயவச்சேனே!" குழந்தைசாமி தளர்ந்து உட்கார்ந்தார். "கார் வாங்கப் போறோம்னு செவந்திகிட்டச் சொல்லிட்டு வந்தேன் தம்பி. இதத் திரும்பத் தூக்கிட்டுப் போனா சிரிச்சே கொன்னுருவா. நீயே வச்சுக்க, சனியனை."

மனசு கேட்காமல், அவர் மனைவி செவந்திக்கென்று ரிப்பேர் பார்த்த மிக்ஸி ஒன்றைக் கொடுத்தனுப்பினான் ரத்தினவேல்.

அவர் படியிறங்க, எஸ்.ஐ. அடைக்கலமேரி படியேறினார். சுவரோரம் வரிசையாக நின்ற செட்டுகளைப் பார்த்தார்.

"இதெல்லாம் ஏமாந்தவங்க விட்டுட்டுப் போனதா?"

"வீட்டுக்குக் கொண்டுபோக வெக்கப்படுறாங்க மேடம்."

"பொன்னமராவதியில ஒருத்தர் கோடாலியாலயே பொளந்துட்டாராம்."

"ஐயையோ!" ரத்தினவேலுக்கு நிஜமாகவே கண் கலங்கியது. "டபுள் கேசட்டா மேடம்?"

"அது தெரியாது. இந்த ஏரியாவுல உண்மையச் சொல்ற ஆளு நீங்க ஒருத்தர்தாங்க. அந்தக் கட்டைக் குரல்காரன எப்படியும் பிடிச்சிருவேன். அறுபது வயசு இருக்கும், சுருட்டுக் குடிக்கிறவன். கேட்டாலே தெரியுது. நீங்களே இது பொய்யின்னு ஒரு மெசேஜ் பேசிக் குடுங்களேன், அனுப்பிவிடுவோம்."

"என் குரலை யாரு மேடம் மதிப்பா?" என்றான் கூச்சத்தோடு.

அவர் சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறினார்.

ஜீப் திரும்பியதும் ரத்தினவேல் குழந்தைசாமியின் செட்டைத் துடைத்தான். எட்டு புது பேட்டரிக்கட்டைகளைப் போட்டான். மேஜை டிராயரின் அடியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துச் செருகி, பட்டனை அமுக்கினான். சிவப்பு விளக்குகள் ஏறி இறங்கின.

"உறவுகளே! பழைய டேப் செட்டுக்குள்ள சிவப்புப் பாதரசம் இருக்கு..." என்றது செட், கீச்சுக் குரலில்.